கரை ஏறியதும் பெல்ட்

ஹெல்தெர்மா,
ஹீயுமா தீவு.
பிப்ரவரி, ஞாயிறு காலை

என் செல்ல மகள் ட்ரீனுவுக்கு அம்மா எழுதுவது. நானும் உன் அப்பாவும் இங்கே மூச்சு விட்டுக்கொண்டு இருக்கிறோம், நீ அங்கே தூர வடக்கில் ஆல்தாவில் முழு ஆளாக இருக்கிறாய் என்ற நம்பிக்கையில் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். இந்தக் காலத்தில் யாரம்மா கடுதாசி எழுதுகிறார்கள் என்று சிரிப்பாய். சிரி. போனில் நான் எதைச் சொன்னாலும் "சரிம்மா சரிம்மா" என்று முடித்துவிடுகிறாய், அதற்குள் உன் அப்பா போனைப் பிடுங்கி டயரைப் பற்றி ஆரம்பித்துவிடுவார், அப்புறம் நான் அடுப்படியைப் பார்த்துப் போக வேண்டியதுதான். கடுதாசியை என் கையிலிருந்து யாரும் பிடுங்க முடியாது. அதனால் கடைசி வரை படி, பாதியில் மடித்து வைத்துவிட்டு ஆஸ்பத்திரி டியூட்டிக்கு ஓடாதே.

முதலில் ஊர்ச் செய்தி சொல்லிவிடுகிறேன். இந்த வருஷம் கடல் உறைந்துவிட்டது. எத்தனையோ குளிர்காலம் வெறும் ஈரமும் சேறுமாகப் போச்சு, இந்தத் தடவைதான் நன்றாகக் கெட்டியாகப் பிடித்திருக்கிறது, ஐஸ் மேல் வழி தெரிய ஜூனிப்பர் மரக் கிளைகளை நட்டு அக்கரை வரைக்கும் ரோடு போட்டுவிட்டார்கள். தீவே கல்யாண வீடு மாதிரி இருக்கிறது. கப்பல் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது, ஆனாலும் வேலை இருக்கிறவர் இல்லாதவர் எல்லாரும் காரை எடுத்துக்கொண்டு கடல்மேல் போய் அக்கரையில் ஒரு காபி குடித்துவிட்டுத் திரும்பி வருகிறார்கள். பக்கத்து வீட்டு வெல்லோ மாமா ஆணி வாங்க என்று சொல்லி ஒரே வாரத்தில் மூன்று தடவை போய்விட்டார். "ஏன் வெல்லோ, தடவைக்கு ஒரு ஆணிதான் தருவாங்களாமா" என்று கேட்டேன். "ரெண்டு தருவாங்க, ஒண்ணு வழியில விழுந்துடுது" என்றார். உன் பூனைக்கு வயசாகிவிட்டது, அடுப்புப் பக்கத்தை விட்டு நகர்வதில்லை. உப்பில் ஊறப்போட்ட முட்டைக்கோஸ் இந்த முறை நன்றாகப் புளித்திருக்கிறது, பார்சலில் வைக்கலாம் என்று பார்த்தேன், வழியில் பொங்கி வழிந்தால் தபால்காரர் என் ஏழு தலைமுறையையும் திட்டுவார் என்று விட்டுவிட்டேன்.

சரி, நீ அனுப்பிய வீடியோவுக்கு வருகிறேன். உன்னோடு வேலை பார்க்கிற பெண் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து எடுத்தது, அதுதான். ரெண்டு பக்கமும் ஆள் உயரத்துக்குப் பனி, நடுவில் உன் சிவப்புக் கார், இரண்டே பேர் உட்காருகிற கார், வயிறு தரையில் உரசுகிற கார், பின்சக்கரம் மட்டும் தள்ளுகிற கார். வளைவில் பின்பக்கம் தனியாக ஒரு ஊருக்குப் போகப் பார்க்கிறது, நீ ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் திருப்பி அதை இழுத்துக்கொண்டு வருகிறாய், கூடவே சிரிப்பு வேறு, "அம்மா, ரோடு அப்படியே நம்ம கடல் மாதிரியே இருக்கு பாரு" என்று. உன் அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்தார். "பாத்தியா மால்லே, பின்னாடி நழுவுறப்போ பிரேக்கைத் தொட்டாளா பாரு! தொடல! என் பொண்ணுடி அவ!" என்று வீடு அதிரக் கத்தினார். வெல்லோ மாமாவுக்கும் காட்டினார். அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்துவிட்டு, "அந்தக் காரை வச்சுக்கிட்டுப் பனியில போறது, எண்ணெய் தடவுன பன்னியைப் பின்னாலயிருந்து தள்ளிக்கிட்டே சந்தைக்குப் போற மாதிரி" என்றார். அன்று முழுக்க உன் அப்பா அவரோடு பேசவில்லை.

எனக்குப் பன்னியும் தெரியவில்லை, பிரேக்கும் தெரியவில்லை. உன் தோள்தான் கண்ணில் பட்டது. பெல்ட் இல்லை. அது கதவோரம் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. அந்தக் குளிரில் கதவுக் கண்ணாடியும் ஒரு கையகலம் இறங்கியிருந்தது, உன் முடி பறந்துகொண்டிருந்தது. வேறு யாராவது பார்த்தால் கொழுப்பு என்பார்கள், இல்லை மறதி என்பார்கள். எனக்குத் தெரியும், இது உன் அப்பா வளர்த்த வளர்ப்பு. ஐஸ் மேல் கார் இறங்கினால் பெல்ட்டைக் கழற்ற வேண்டும், கண்ணாடியை இறக்க வேண்டும், ஐஸ் உடைந்தால் நீந்தி வெளியே வர வேண்டும் அல்லவா. பால்பல் விழாத வயசிலேயே பின் சீட்டில் உட்கார்ந்துகொண்டு "பெல்ட்டைக் கழட்டு, கண்ணாடியை எறக்கு" என்று எங்கள் எல்லாரையும் நீ அதட்டுவாய். கார் ஓட்டக் கற்றதும் அதே ஐஸில், அப்பாவின் அதே பழைய பின்சக்கர ஜிகுலிக் காரில், உறைந்த வளைகுடாவில் சுற்றிச் சுற்றி. இப்போது வெள்ளையாக எதைப் பார்த்தாலும் உன் கை தானாகப் போய்ப் பெல்ட்டைக் கழற்றுகிறது, நீ கழற்றுவது உனக்கே தெரிவதில்லை. உன் காரும் பழசு, பெல்ட் போடாவிட்டால் வாயைத் திறக்காது. வெல்லோ மாமாவின் புதுக் கார் என்னமாய்க் கத்துகிறது தெரியுமா, "என் பொண்டாட்டிகூட இவ்வளவு கத்த மாட்டா" என்கிறார். ஆனால் உன் ஊரில் ரோட்டுக்கு அடியில் கடல் இல்லையடி, கல்லும் மண்ணும்தான் இருக்கிறது. அங்கே நீ யாரிடமிருந்து நீந்தித் தப்பிக்கப் போகிறாய்?

இதை உன் அப்பாவிடம் சொன்னேன். "அவளுக்குத் தெரியும், விடு, எப்பப் பாரு நொய்நொய்னு" என்றார். எனக்கு வந்ததே கோபம். "ஆமா, உங்க ரெண்டு பேருக்கும்தான் எல்லாம் தெரியும், நான் பரங்கிக்காய்தானே" என்று சொல்லிவிட்டுப் பேச்சை நிறுத்திவிட்டேன். நான் பேச்சை நிறுத்தினால் எப்படி நிறுத்துவேன் என்று உனக்குத் தெரியும்.

இப்போது சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன், நின்றுகொண்டு படிக்கிறாய் என்றால் உட்கார். அப்பா உயிரோடு இருக்கிறார், நல்ல நினைவோடு இருக்கிறார், அதை முதலில் சொல்லிவிட்டேன். போனில் அவருக்குச் சளி, தூங்குகிறார் என்று சொன்னது பொய். போன செவ்வாய்க்கிழமை அவருக்குப் புது மூக்குக்கண்ணாடி வாங்க ஜிகுலியில் ஐஸ் மேல் அக்கரை போனோம். கிளம்பும்போது, பின்சக்கரம் நழுவாமல் இருக்க டிக்கியில் எப்போதும் கிடக்கிற மணல் மூட்டைகளை எடுத்து வாசலில் போட்டுவிட்டார், ஐஸ் மேல் போகிற கார் லேசாக இருக்க வேண்டுமாம். சரிதான். பெல்ட்டைக் கழற்றினார், கண்ணாடியை இறக்கினார், அதுவும் சரிதான். எல்லாச் சட்டமும் பார்த்துத்தான் ஓட்டினார், மெதுவாகவும் இல்லாமல் வேகமாகவும் இல்லாமல் நடுத்தரமாகப் போனால் ஐஸுக்கு அடியில் அலை கிளம்பி ஐஸை உடைத்துவிடும் என்று எனக்குப் பாடம் வேறு எடுத்தார், நான் உம் கொட்டவில்லை. போனோம், கண்ணாடி வாங்கினோம், மத்தியானமே திரும்பினோம். ஹெல்தெர்மாவில் கரை ஏறியதும் எனக்கு உன் தோள் ஞாபகம் வந்தது, என் பெல்ட்டைப் போட்டுக்கொண்டேன். பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன், அவர் போடவில்லை, இன்னும் கடல் மேலேயே இருக்கிற சந்தோஷத்தில் விசில் அடித்துக்கொண்டு வந்தார். சொல்லலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. நான் எதற்குச் சொல்ல வேண்டும், அவருக்குத்தான் எல்லாம் தெரியுமே என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மாதா கோயில் வளைவில் பின்பக்கம் வீசியது. மூட்டை இல்லாத டிக்கி, காலித் தகர டப்பா மாதிரி போச்சு. அவரும் உன்னை மாதிரியே பிரேக்கைத் தொடவில்லை, எதிர்ப்பக்கம்தான் திருப்பினார், எல்லாம் ஒழுங்காகத்தான் செய்தார், ஆனால் வளைவில் நிற்கிற அந்த லிண்டன் மரம் நகரவில்லை. கடல்மேல் சரியாக இருந்ததெல்லாம் கரையில் தப்பாகிவிட்டது மகளே, நடுவில் இருந்தது அந்தத் துளி தூரம்தான்.

எனக்கு மார்பில் பெல்ட் அழுத்திய இடத்தில் ஒரு ஊதாக் கோடு, அவ்வளவுதான். அவருக்குத் தலை முன்கண்ணாடியில் மோதி, தோள்பட்டை எலும்பு உடைந்து, கழுத்து எலும்பில் விரிசல். ஆம்புலன்ஸில் படுக்க வைத்தபோது என்னை அடையாளம் தெரியவில்லை. மேலே வெள்ளைக் கூரையைப் பார்த்துக்கொண்டு, "ட்ரீனு, பெல்ட்டைக் கழட்டும்மா, ஐஸ் வந்தாச்சு, கண்ணாடியை எறக்கு கண்ணு" என்று சொல்லிக்கொண்டே வந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு, திரும்பத் திரும்ப, அவ்வளவு பாசமாக. நான் அழுதுகொண்டே "கழட்டிட்டேன்பா, எறக்கிட்டேன்பா" என்று நீ சொல்கிற மாதிரி சொன்னேன். அந்தப் பெண் நர்ஸுக்கு ஒன்றும் புரியவில்லை, நல்லவேளை அவள் தீவுக்காரி இல்லை, இருந்திருந்தால் அவளும் கூடவே அழுதிருப்பாள்.

இப்போது தேவலை. கழுத்தைச் சுற்றிக் கெட்டியாக ஒரு பட்டை போட்டிருக்கிறார்கள், எங்கேயும் திரும்ப முடியாது, யாராவது கூப்பிட்டால் முழு உடம்போடு திரும்புகிறார். வெல்லோ மாமா வந்து பார்த்துவிட்டு, "ஹெய்னோ பெரிய மனுஷனாயிட்டான், யாரையும் திரும்பிக்கூடப் பாக்க மாட்டேங்குறான்" என்றார், இவருக்குச் சிரித்தால் வலிக்கிறது, சிரிக்காமல் இருந்தால் அதைவிட வலிக்கிறது. நான் கஞ்சியும் மீன் சூப்பும் ஊட்டுகிறேன், குழந்தை மாதிரி வாயைத் திறக்கிறார். வசந்தம் வருவதற்குள் சரியாகிவிடும் என்று டாக்டர் சொல்கிறார், விரல் அகலம் தள்ளி விரிந்திருந்தால் இப்படிப் பேசிக்கொண்டிருக்க மாட்டோம் என்றும் சொன்னார். உன்னிடம் சொல்லக்கூடாது என்று அப்பா என் கையில் அடித்துச் சத்தியம் வாங்கினார். கேட்டவுடனே நீ அந்தச் சிவப்புக் காரை எடுத்துக்கொண்டு ராத்திரியோடு ராத்திரியாகக் கிளம்பிவிடுவாயாம். அந்தப் பயம்தான் எனக்கும். அதனால்தான் போனில் சொல்லாமல் கடுதாசியில் எழுதுகிறேன், இது உன் கைக்கு வருவதற்குள் அவர் இன்னும் கொஞ்சம் தேறியிருப்பார். ட்ரீனு, உன் காலில் விழுந்து கேட்கிறேன், இதைப் படித்ததும் சாவியை எடுக்காதே. இங்கே நீ வந்து செய்ய வேண்டிய அவசரம் ஒன்றும் இல்லை.

அப்பா பிறந்தநாளுக்கு வருவதாகச் சொன்னாயே, அப்போது வா. வராதே என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை, அவர் ஜன்னல் பக்கம் நாற்காலியைப் போடச் சொல்லி உட்கார்ந்திருக்கிறார், கழுத்து திரும்பாது என்பதால் நாற்காலியையே ரோட்டைப் பார்த்துப் போட்டாயிற்று. அந்தக் காரை விற்றுவிட்டு மனுஷர் ஓட்டுகிற கார் ஒன்று வாங்கு என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், ஆனால் அந்த வீடியோவில் நீ சிரித்த சிரிப்பை நான் பார்த்துத் தொலைத்துவிட்டேன், எழுத வரவில்லை. ஆணி வைத்த டயர் போட்டிருப்பாய், அது எனக்குத் தெரியும். டிக்கியில் மணல் மூட்டை வை, உன் காரில் இடம் எங்கே இருக்கிறது என்று சொல்லாதே, துணிப்பெட்டியை விட்டுவிட்டு மணலை ஏற்று, உனக்குத் துணி இங்கே இருக்கிறது. மூட்டையைக் கட்டி வை, அவிழ்ந்து உருண்டால் அதுவே ஆளைத் தள்ளும். ஃபின்லாந்து வழியாக வரும்போது கலைமான் குறுக்கே வரும், இருட்டுவதற்குள் எங்கேயாவது தங்கிவிடு, உங்கள் ஊரில் பகல் என்று பேருக்குத்தான் இருக்கிறது என்று தெரியும், இருக்கிற பகலில் வா. கம்பளியும் மண்வெட்டியும் மெழுகுவத்தியும் இல்லாமல் கிளம்பாதே. தாலினில் இறங்கி அங்கிருந்து இங்கே வரும்போது ஐஸ் ரோடு திறந்திருக்கிறது என்று ஆசைப்படாதே, கப்பலில் வா. எனக்காக ஒரே ஒரு தடவை கப்பலில் வா.

நேற்று அப்பா அந்த வீடியோவை மறுபடி போடச் சொன்னார். எனக்கு எரிச்சலாக வந்தது, இன்னும் ஆசை தீரவில்லையா என்று. போட்டேன். உன் தோள் தெரிகிற இடத்தில் நிறுத்தச் சொன்னார். அப்புறம், "எல்லாம் சொல்லிக்குடுத்தேன் மால்லே. கரை ஏறினதும் போடுன்னு மட்டும் சொல்லிக்குடுக்கல" என்றார். அவர் அழுது நான் பார்த்தது ரொம்பக் குறைவு, கண்ணைத் துடைக்கக் கையும் எழவில்லை, நான்தான் துடைத்துவிட்டேன்.

பார்சலில் கம்பளிக் காலுறையும் கருப்பு ரொட்டியும் வைத்திருக்கிறேன், ரொட்டியை வந்த அன்றே சாப்பிடு. நீ போகிற ரோடெல்லாம் உனக்கு வழி விடட்டும், உன் உடம்பில் ஒரு கீறல் படாமல் தெய்வம் பார்த்துக்கொள்ளட்டும், நீண்ட ஆயுசோடு இரு என் கண்ணே. இனிமேல் ஒன்றே ஒன்று செய். தினம் காலையில் காரில் ஏறியதும், எஞ்சினை முடுக்குவதற்கு முன்னால், எனக்குப் போன் போடு. பேச வேண்டாம், உனக்கு நேரமாகும், எனக்குத் தெரியும். போனைப் பெல்ட் மாட்டுகிற இடத்தில் வை. அது 'டக்' என்று மாட்டுகிற சத்தம் எங்கள் காதில் விழுந்தால் போதும், வைத்துவிடு. அப்பா பக்கத்திலேயே இருப்பார்.

இப்படிக்கு,
அந்தச் சத்தத்துக்குக் காத்திருக்கும்
உன் அம்மா மால்லே