ஹஃப்சாவின் வலது கால்

மேலகரம்
வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பின்

அன்புள்ள மாப்பிள்ளை முகம்மது ரபீக்குக்கு, மாமா துல்கர்னைன் ஸலாம் சொல்லி எழுதுவது. சார்ஜாவில் நீங்கள் சுகமாக இருக்க அல்லாஹ் கிருபை செய்யட்டும். இங்கேயும் சுகம் என்று எழுதக் கை வரவில்லை.

போனில் நான் வாயைத் திறந்தாலே "டூட்டிக்கு நேரமாச்சு மாமா" என்று வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் சார்ஜாவுக்குத் திரும்புகிற பாரூக்கின் பெட்டியில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். போனைப் போலக் காகிதத்தைப் பாதியில் துண்டிக்க முடியாது.

உங்கள் மகள் ஹஃப்சா நோன்புப் பெருநாளிலிருந்து வலது காலைச் சாய்த்துத்தான் நடக்கிறாள். கேட்டால் முட்டி வலிக்குது என்கிறாள். நீங்கள் என்ன சொன்னீர்கள்? ஆஸ்பத்திரிக்குப் போனால் நொண்டி என்று பெயராகிவிடும், பொம்பளைப் பிள்ளையை நாளைக்கு எவன் கட்டுவான், குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்து அருவியில் நிறுத்தினால் சரியாகும் என்று. என் மகள் நஸீபாவும் உங்கள் பேச்சைத் தட்டாமல் கூட்டிப்போனாள்.

மாப்பிள்ளை, சீசனில் அருவிக்கரையில் அந்த எண்ணெயை விற்பவனே நான். சொல்லுகிறேன், அது உடம்பு அலுப்புக்கு. பிள்ளையின் எலும்புக்கு இல்லை. போன வாரம் தேய்க்கிறவர் காலைப் பிடித்து இழுக்க, அவள் அலறியது என் கடைவரை கேட்டது. கடையைப் பூட்டிவிட்டு ஆட்டோவில் ஏற்றினேன். உங்களிடம் கேட்கவில்லை. ஆமாம், கேட்கவில்லை.

தென்காசியில் எலும்பு டாக்டர் இடுப்பை எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். முட்டி வலிக்கு இடுப்பில் எதற்குப் படம், யாரிடம் வியாபாரம் பண்ணுகிறீர் என்று சண்டைக்கே போய்விட்டேன். அவர் படத்தைக் காட்டினார். இடுப்புக்குள் இருக்கும் தொடையெலும்பின் உருண்டைக்கு ரத்தம் சரியாகப் போகவில்லையாம். நோவு அங்கே, வலி தெரிவது முட்டியில். எலும்பு மறுபடி வளரும், வருஷக்கணக்கில் ஆகும். அதுவரை ஓட்டம், குதிப்பு, தேய்ப்பு எதுவும் ஆகாது. உருண்டை நசுங்கிவிட்டால் ஆயுசுக்கும் நொண்டல்தான் என்றார்.

எல்லாரும் அதட்டிப் பார்த்தாகிவிட்டது, உட்கார மாட்டேன் என்கிறாள். ஏன் தெரியுமா? தினமும் வீடியோவில் "எங்க, வாப்பாக்கு ஓடிக் காட்டு" என்கிறீர்களே, அதற்காக. பல்லைக் கடித்துக்கொண்டு ஓடிக் காட்டுகிறாள். போனை வைத்ததும் முட்டியைப் பிடித்துச் சுவரோரம் சரிந்துவிடுகிறாள். நேற்று நஸீபாவிடம் கேட்டாள்: "நல்லா ஓடுனேன்லா, இனி வாப்பா என்னை நொண்டின்னு சொல்ல மாட்டாவல்லா?"

ஊர் வாயை நான் பார்த்துக்கொள்கிறேன். கடை வைத்தவனுக்கு அது பழகிப்போனதுதான். உங்களால் ஆக வேண்டியது ஒன்றுதான். இதைப் படித்ததும் போன் போடுங்கள். உங்கள் முகத்தைக் கண்டதும் அவள் ஓடக் கிளம்புவாள். "உக்காருட்டி, வாப்பா உன்னைப் பாக்கத்தான் கூப்பிட்டேன்" என்று சொல்லுங்கள். நான் சொன்னால் கேட்க மாட்டாள்.

பிள்ளையின் காலையும் உங்கள் மனதையும் அல்லாஹ் நேராக்கி வைக்கட்டும்.

உங்கள் மாமா,
துல்கர்னைன்