நித்யாவின் சிலிண்டர்

செவ்வாய் இரவு

கன்வேயருக்கும் பாகத்தைப் பிடித்துவைக்கும் வெல்டிங் ஜிக்குக்கும் நடுவில் நானூறு மில்லிமீட்டர்தான் இடம். அதற்குள் பாகத்தைத் தள்ளிவிட காற்றழுத்தத்தில் இயங்கும் ஒரு சிலிண்டர் வேண்டும். மூன்று வாரமாக கேட்லாக் புரட்டினேன். எதை வைத்தாலும் அதன் தண்டு வெளியே நீளும்போது இடித்தது. இன்று மீட்டிங்கில் நித்யா எழுந்து, "ராட்லெஸ் போடலாம் சார். தண்டே கிடையாது. தள்ளுற கட்டை சிலிண்டரோட உடம்பு மேலயே ஓடும், வெளிய நீளாது" என்றாள். அவள் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகிறது. மேனேஜர் கை தட்டினார். நானும் தட்டினேன். ஸ்டோரில் ஒன்று இருக்கிறது, நாளைக்கே ட்ரயல் என்று முடிவானது.

அவள் காட்டிய வரைபடத்தில் காற்றுக் குழாய் வளைய இடமில்லை என்பதை அப்போதே கவனித்தேன். சொல்லவில்லை. நாளை ட்ரயலில் எல்லார் முன்னாலும் மாட்டட்டும் என்று இருந்துவிட்டேன்.

கம்பெனி பஸ்ஸில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அண்ணா, நீங்க எடுத்து வெச்ச அளவு இல்லன்னா எனக்கு இது தோணியே இருக்காது. சார்கிட்டயும் சொல்லிட்டேன்" என்றாள். வல்லம் வடகால் ஸ்டாப் தாண்டும்வரை ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து போனை இரண்டு முறை எடுத்து, திரும்ப வைத்தேன். கடைசியில் குழாய் விஷயத்தை மெசேஜில் எழுதி அனுப்பினேன். உடனே பதில் வந்தது. "ஆமாண்ணா, சாயந்தரமே பார்த்து மாத்திட்டேன். தேங்க்ஸ்ணா."

ட்ரயல் நன்றாகத்தான் ஓடும். ஓடாமல் போனால் நன்றாயிருக்கும் என்று இன்னமும் நினைக்கிறேன்.