தாய்மாமன் கிண்டல்

செவ்வாய்க்கிழமை

கம்பெனிக்காரர்கள் வருகிறார்களே என்று மீசைக்கு மை பூசிக்கொண்டேன். காலேஜில் படிக்கும் அக்கா மகள் அமுதாவைத் தங்கள் செலவில் ஒரு வருஷம் ஜப்பானுக்குப் படிக்க அனுப்பப்போகிறவர்கள். வீட்டைப் பார்க்க வந்தார்கள்.

"இவள எதுக்குங்க அனுப்பறீங்க? தை பொறந்தா நான் கட்டிக்கப் போறேன்" என்றேன். எங்கள் மலையில் தாய்மாமன் இப்படித்தான் சீண்டுவான். வந்தவர்களில் பெரியவரான மேடம் சிரிக்கவில்லை. என் மீசையைப் பார்த்தார்.

"கல்யாணம்னா ஸ்காலர்ஷிப் கெடைக்காதுங்க. பேசிட்டுச் சொல்றோம்" என்று எழுந்துவிட்டார்.

"இன்னாடா பேசிட்ட, பாவி?" என்றாள் அக்கா. அமுதா ஜப்பானிய மொழிப் புத்தகத்தை மூடிப் பரணில் வைத்தாள். அதைத்தான் தாங்க முடியவில்லை.

ஜீப் வரை ஓடினேன். "பொண்டாட்டி, புள்ளைங்க இருக்காங்க மேடம், சும்மா கிண்டல்ங்க" என்று கெஞ்சி, மலைத்தேன் பாட்டிலை அவர் மடியில் வைத்தேன். மூடியை இறுக்கியிருக்கவில்லை.