உங்கள் கேரல் வயரில் ஓடும் என் சீட்டு

என் பிரியமுள்ள அத்தானுக்கு,

உங்கள் ஜீப்பை விற்கவில்லை. இதை முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் மற்ற செய்தி எதுவும் உங்கள் காதில் ஏறாது.

நீங்கள் கண்மூடிய பிறகு விற்கிறதாகத்தான் இருந்தது. இரணியலில் இருந்து ஒருவர் வந்து பார்த்துவிட்டும் போனார். பெங்களூரிலிருந்து நம் ஷீபா போனில், "அம்மா, நீங்க ஓட்டமாட்டிய. சும்மா கெடந்து துருப்பிடிக்கதுக்கு யாருக்காவது குடுத்திருங்க" என்றாள். அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. லைசென்ஸ் எனக்கும் உண்டு, ஓட்டவும் தெரியும். ஆனால் டிரைவர் சீட்டு உங்கள் நீளக் கால்களுக்கென்று பின்னால் போய், அப்படியே துருவேறி இறுகிக் கிடந்ததே! முதுகுக்குத் தலையணை வைத்தால்தான் எனக்குக் கிளட்ச் எட்டும். பிரேக் பிடித்தால் தலையணை ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். வகுப்பு வகுப்பாகப் பிள்ளைகளை அடக்கிய எனக்கு இந்த ஒரு சீட்டு அடங்கவில்லை.

கிறிஸ்துமஸ் கேரல் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு டிசம்பரிலும் பாட்டுக்காரர்களை ஏற்றிக்கொண்டு சபையார் வீடு வீடாக நீங்கள் ஓட்டிப்போன வண்டி. அதற்குள் நான் ஓட்டப் பழகவேண்டும், முடியாவிட்டால் கொடுத்துவிட வேண்டும் என்று எனக்கு நானே கெடு வைத்தேன்.

என்னிடம் படித்த வில்சன் கோட்டாற்றில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறான். சீட்டை முன்னால் தள்ளி வெல்டு வைத்துவிடலாம் என்றான். அப்புறம் ஷீபா லீவுக்கு வந்தால்? அவளுக்கும் உங்கள் கால்தானே. பிறகு அவனே ஒரு வழி சொன்னான். உடைக்க வந்த ஒரு காரிலிருந்து கரண்டில் நகரும் சீட்டைக் கழற்றி இதில் வைப்பது. சுவிட்சை அழுத்தினால் முன்னே, பின்னே, மேலே, கீழே. நம் ஜீப்புக்கு இப்படி ஒரு சொகுசா என்று சிரிக்காதீர்கள்.

சீட்டைப் பொருத்தியாயிற்று. அதற்குக் கரண்டு, முன்னால் இருக்கும் குட்டி ஃபேனின் வயரிலிருந்து எடுத்தான். நான் பெரிய மனுஷியாக ஏறி உட்கார்ந்து சுவிட்சை அழுத்தினேன். சீட்டு முன்னே நகர்ந்தது. அந்தச் சந்தோஷத்தில் விரலை எடுக்க மறந்துவிட்டேன். ஸ்டீயரிங் வயிற்றில் அமுங்கிய பிறகுதான் சுதாரித்தேன். பதறிப்போய்ப் பின்னால் போகிற பக்கம் அழுத்தினால் அசைவே இல்லை. ஃபியூஸ் போய்விட்டது. வேறொன்று மாற்றினான், அதுவும் போயிற்று.

"ஏ மக்கா வில்சா, எனக்கு இறங்க முடியல்லியே!"

"பயப்படாண்டாம் டீச்சர். இந்த வயரு மெலிசு, தாங்கல்ல. பேட்டரில இருந்து நேரா தடி வயரு இழுக்கணும். இப்பம் கடைக்குப் போயி வாங்கீட்டு வாறேன்."

"அதுவரைக்கும் நான் இப்படியே இருக்கவா?"

அவனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, எனக்கோ மூச்சு முட்டியது. அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. கேரலுக்கு ஸ்பீக்கரும் நட்சத்திர விளக்கும் எரிய, வண்டித் தரையைத் துளைத்து நீங்கள் ஒரு வயர் போட்டீர்களே. நல்ல வண்டியில் ஓட்டை போடுகிறீர்கள் என்று அன்றைக்கு முழுவதும் நான் உங்களோடு பேசாமல் இருந்தேனே.

"கீழ மேட்ட தூக்கிப் பாரு மக்கா. சாருக்க கேரல் வயரு கெடக்கும்."

கிடந்தது. பேட்டரியிலிருந்து தனி ஃபியூஸோடு வந்து, சீட்டுக்கு அடியில் சுருண்டு கிடந்தது. நுனியில் நீங்கள் சுற்றிய கறுப்பு டேப் இன்னும் இளகவில்லை. "சாரு நல்ல தடி வயராத்தான் போட்டிருக்காரு" என்று சொல்லிக்கொண்டே வில்சன் அதில் இணைத்தான். சுவிட்சைத் தொட்டேன். சீட்டு பைய என்னைப் பின்னால் கொண்டுபோயிற்று. எனக்கு அழுகை வந்துவிட்டது, அத்தான். வலிக்கிறதென்று நினைத்து அவன் தண்ணீர் எடுக்க ஓடினான்.

போன சனிக்கிழமை கடியப்பட்டணம் வரை தனியாக ஓட்டிப்போய் மீன் வாங்கினேன். நீங்கள் வழக்கமாக வாங்கும் மீன்காரி மரியா, வண்டியைக் கண்டதும் எழுந்து நின்றுவிட்டாள். "டீச்சரா ஓட்டீட்டு வாறிய? நான் ஒரு நிமிசம் சாருதான்னு…" என்றவள், ஒரு கை சாளையைக் கூடுதலாக அள்ளிப் போட்டாள். உங்களுக்குத்தான் சாளை முள் ஆகாது, எனக்குப் பிடிக்கும். குழம்பு வைத்து நிம்மதியாகச் சாப்பிட்டேன். நான் இப்படி இருப்பதில் உங்களுக்கும் சந்தோஷம்தானே?

இன்னொன்றும் சொல்லவேண்டும். வீட்டுக்கு வந்து வண்டியை நிறுத்தியதும், சீட்டை ஒரேயடியாகப் பின்னால் தள்ளி வைத்துவிட்டுத்தான் இறங்குகிறேன். தேவையில்லாமல் மோட்டார் தேயும் என்கிறான் வில்சன். இறங்க வசதி என்று அவனிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

இந்த டிசம்பரில் கேரலுக்கு நான்தான் ஓட்டுவேன். ஓடும்போது சீட்டு என் அளவுக்கு இருக்கும். ஷெட்டில் நிற்கும்போது என்றைக்கும் உங்கள் கால் நீட்டுகிற அளவுக்கு இருக்கும். இது நான் தருகிற வாக்கு.

இப்போது கிளட்ச் எட்டுகிற,
உங்கள் மனைவி
கிரேஸ்