பரணுக்குப் போன வாக்கர்

அன்புள்ள மகனுக்கு,

நேற்று என் ஆஸ்பத்திரிப் பையைக் கட்டி வைத்துவிட்டு நீ பசுமலையில் உன் வீட்டுக்குப் போன பிறகு, இரண்டு மணி நேரம் நான் கட்டிலைவிட்டு இறங்க முடியவில்லை. என் வாக்கரை மடக்கிப் பரணில் போட்டுவிட்டாய். எதிர்வீட்டுக் கனகா வந்து இறக்கித் தந்த பிறகுதான் பாத்ரூம் போனேன்.

போனில் கேட்டதற்கு, "அங்க படுக்கத்தானம்மா போற, அது எதுக்கு? டிக்கி பூராத்தையும் அடைச்சுக்கும்" என்றாய். பரீட்சைக்குப் போகிற பிள்ளையிடம் பேனாவைப் பிடுங்கிக்கொண்டு தலையணையைக் கொடுத்து அனுப்புவார்களா?

பையைத் திறந்து பார்த்தேன். டயப்பர் நான்கு பாக்கெட். செருப்பு இல்லை.

கனகா சிரித்தாள். "என்ன டீச்சர், ஒங்க மகன் ஒங்களக் கைப்பிள்ளையாக்கிட்டாரு!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மறுபடி நடக்கலாம் என்று டாக்டர் சொன்னதால்தான் இடுப்பு ஆபரேஷனுக்கே சம்மதித்தேன். நீயும் பக்கத்தில்தானே இருந்தாய்?

ஒரு பாக்கெட்டை மட்டும் பையில் விட்டு, மற்ற மூன்றையும் எடுத்துவிட்டு அந்த இடத்தில் செருப்பை வைத்திருக்கிறேன்.

இந்தக் கடிதத்தை வாக்கரில் கட்டியிருக்கிறேன். காலையில் முதலில் அதைக் காரில் ஏற்று. பிறகு நான் ஏறுகிறேன். இடம் போதவில்லை என்றால், நீ கட்டிய பையை இங்கேயே விட்டுவிடு.

உன் அம்மா