அத்தையின் கடைவாய்ப் பல்

அத்தை,

பிளாஸ்க்கில் கஞ்சி இருக்கிறது. நன்றாக ஆறவைத்து இடது பக்கமாகவே குடியுங்கள். மாத்திரை மேசைமேல்.

நேற்று இரண்டு கிளினிக்கில் கேட்ட தொகைக்கு வந்த வழியே திரும்பினோம். கட்டணம் குறைவென்று பல் மருத்துவக் கல்லூரிக்குப் போனால், பள்ளிக்கூடப் பெண் போல ஒரு மாணவி! ஊசி போட்டு, மரத்ததும், "அம்மா, கண்ணை மூடிக்கோங்க" என்றாள். நீங்கள் மூடித் திறப்பதற்குள் பல் தட்டில் கிடந்தது. அந்தச் சின்னக் கைக்குள் எவ்வளவு பலம்!

நம் சண்டை அப்படியே இருக்கட்டும். சாயங்காலம் வந்து போட்டுக்கொள்ளலாம்.

– மருமகள்

பி.கு.: ஒரு வாரமாக என்னோடு பேசாத நீங்கள், வெளியே வந்ததும் கன்னத்தைத் தொட்டுப் பார்த்து, "வலி எங்கடி போச்சு?" என்று என்னைத்தான் கேட்டீர்கள். எனக்கும் தெரியவில்லை அத்தை. உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.