நீ கேட்காத தண்ணீர்

வேர்வையில் ஊறிய பருத்திக்கு ஒரு வாடை உண்டு, அண்ணே. ஈரச் சாக்கும் பருத்திக்கொட்டையும் புளியும் சேர்ந்த மாதிரி. ஒரு வருசமாக நம் வீட்டில் அது இல்லை. இன்று சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்து பையை இறக்கும்போதே மூக்கில் ஏறிவிட்டது. நீதான் வந்துவிட்டாய் என்று நினைத்தேன். நீ இல்லை என்பது நினைவுக்கு வருவதற்கு முன்னால் கால் ஓடிவிட்டது. பருத்தி அறைக் கதவைத் தள்ளினேன். அம்பாரமாகக் குவிந்த பருத்திக்குள்ளிருந்து ஒரு முகம் மட்டும் வெளியே தெரிந்தது. சின்னண்ணன் முகம்.

"கதவச் சாத்துட்டி, காத்து வருதுல்லா" என்றான். நீயும் இதையேதான் சொல்லுவாய்.

எல்லாரும் படுத்தபிறகு அடுப்படியில் சிம்னி விளக்கைத் தணித்து வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். அய்யா முற்றத்தில் கட்டில் போட்டுப் படுத்திருக்கிறார். அவர் இருமும்போதெல்லாம் விளக்கைக் கையால் மறைத்துக்கொள்கிறேன். உன் பேச்சை யாராவது எடுத்தாலே துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விடுகிறவர் அவர். உனக்கு எழுதுகிறேன் என்று தெரிந்தால் என்ன செய்வாரோ. ஆனால் இன்றைக்கு நடந்ததை உன்னிடம் சொல்லாமல் எனக்குத் தூக்கம் வராது.

சின்னண்ணன் நாளைச் சாயங்காலம் குஸ்திக்கு இறங்குகிறான். யாரோடு தெரியுமா? அதே ஆளோடு. கோவில்பட்டியில் டிக்கெட் போட்டு நடத்துகிறவர்களிடம் அய்யா போய் நின்று, அந்த ஜோடிதான் வேண்டும் என்று கேட்டு வாங்கியிருக்கிறார். "எம் மூத்த மகனக் கழுத்தப் புடிச்சுக் கொன்னவன, எளையவன் மண்ணுல சாய்க்கணும்" என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டார். சின்னண்ணன் உன்னைவிடத் தடித்த உடம்பு. அந்த ஆளோடு ஜோடி சேரவேண்டுமானால் நாளைக் காலைக்குள் அவன் எடைக்கு இறங்கியாகவேண்டும். நேற்றிலிருந்து அவன் தண்ணீர் குடிக்கவில்லை.

உன் எடையில் உன்னைப்போல நாலைந்து பேர் இருந்தார்கள். கொஞ்சம் இறங்கி அடுத்த எடையில் நின்றால், அங்கே உன்னைவிடப் பெரிய ஆள் கிடையாது. அதனால் ஒவ்வொரு போட்டிக்கும் முன்னால் நீ உன்னையே கரைக்கத் தொடங்குவாய். முதலில் உப்பு நிற்கும். பிறகு சோறு நிற்கும். மத்தியான வெயிலில், ஆட்டுக்காரர்களிடம் வாங்கின கம்பளியைப் போர்த்திக்கொண்டு, காய்ந்த பருத்திமார்ச் செடிகளைப் பிடுங்கிய கரிசல் காட்டில் வெடிப்பு வெடிப்பாகத் தாண்டி ஓடுவாய். வாயில் புளியை அடக்கிக்கொண்டு, ஊறுகிற எச்சிலையெல்லாம் சிரட்டையில் துப்புவாய். கடைசியில் தண்ணீரும் நின்றபிறகுதான் பருத்தி அறை. கதவைச் சாத்தி, உன்னைப் படுக்கவைத்து, கழுத்துவரைக்கும் பருத்தியை அள்ளிப் போடுவது என் வேலை. கொஞ்ச நேரத்தில் உன் நெற்றியில் முத்து முத்தாக வேர்த்து வழியும். நான் துண்டால் ஒற்றுவேன்.

"ஊர்ல எல்லாப் பயலும் பருத்தியில தண்ணியத் தெளிச்சு எடையக் கூட்டுதான்" என்பாய். "ஒங்கண்ணன் ஒருத்தன்தான் பருத்திக்குள்ள கெடந்து எடையக் கொறைக்கேன். இப்பச் சொல்லு, யாருட்டி யோக்கியன்?"

எனக்குச் சிரிப்பு அடக்க முடியாது. சிரித்தால் நீயும் சிரிப்பாய். சிரித்தால் உதடு வெடித்து ரத்தம் வரும்.

போளி ஞாபகம் இருக்கிறதா உனக்கு? கடம்பூரிலிருந்து பொட்டலத்தை நீயே வாங்கிக்கொண்டு வருவாய். எடை பார்த்தபிறகு தின்பதற்கு என்று வாங்கியது, ஆனால் ஒன்றை மட்டும் முன்னாலேயே எடுத்து என் கையில் கொடுத்துவிடுவாய். "எம் முன்னால ஒக்காந்து தின்னு. தின்னுக்கிட்டே எப்படி இருக்குன்னு சொல்லு."

"இனிப்பா இருக்குண்ணே."

"அது எனக்குத் தெரியாதாக்கும்! பருப்பு நாக்குல ஒட்டுதா, கரையுதா? நெய் வாசம் மொதல்ல வருதா, ஏலக்கா வாசம் வருதா? பரிச்சையில எழுதுறாப்புல சொல்லணும்."

நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவேன். ஓரம் மெத்தென்று இருக்கிறது, நடுவில் கொஞ்சம் கருகின இடம் கசப்பாக வந்து உடனே போய்விடுகிறது என்பேன். நீயும் கண்ணை மூடிக்கொண்டு, பருத்திக்குள் கிடந்து, வெறும் வாயை மென்றுகொண்டிருப்பாய். "போதும், வயிறு நெறஞ்சிட்டு" என்பாய். இப்போதெல்லாம் யாரும் என்னிடம் எதுவும் எப்படி இருக்கிறது என்று கேட்பதில்லை. எதைத் தின்றாலும் சொல்வதற்கு ஆளில்லாமல் விழுங்குகிறேன், அண்ணே.

எடை பார்ப்பதும் எனக்குத் திருவிழாதான். பருத்திக்கடைத் தராசின் ஒரு தட்டில் நீ சம்மணம் போட்டு உட்காருவாய். மறுதட்டில் கடைக்கார அண்ணாச்சி படிக்கல்லை ஒவ்வொன்றாக வைப்பார். "ஈரம் இல்லாத சரக்கா இருக்கேப்பா! இப்படி ஒரு பொதியை நான் இந்தச் சீமையில நிறுத்ததில்ல" என்பார். கூட்டம் சிரிக்கும். முள் நடுவில் நின்றதும் அய்யா முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். அதைப் பார்ப்பதற்காகவே நீ எதையும் தாங்குவாய் என்று எனக்கு அப்போதே தெரியும்.

போன பங்குனியில் எடையை இன்னும் கீழே இறக்கச் சொன்னார் அய்யா. அந்த எடையில்தான் பேர்பெற்ற ஆள் ஒருவன் இருந்தான், அவனை ஜெயித்தால் மதுரைப் பக்கமெல்லாம் கூப்பிடுவார்கள் என்றார். நீ சரி என்றாய். அன்றைக்கும் நான்தான் பருத்தி அள்ளிப் போட்டேன். கொஞ்ச நேரம் வேர்த்தது. பிறகு துண்டை வைத்து ஒற்றினேன், துண்டு நனையவில்லை. நெற்றி கொதித்தது, ஆனால் காய்ந்த ஓடு மாதிரி இருந்தது. நான் ஓடிப்போய் அய்யாவிடம் சொன்னேன்.

"எல்லாம் வடிஞ்சிட்டுன்னு அர்த்தம். நீ போய்ப் படி" என்றார்.

அம்மா செம்பில் தண்ணீரோடு வந்து கதவுப் பக்கம் நின்றாள். "ஒரு மடக்கு உள்ள போனா ஒரு படிக்கல்லு ஏறும், பேசாம இரு" என்று அய்யா அவளை அதட்டினார். நீ அந்தச் செம்பைப் பார்த்தாய். பார்த்துவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாய். கேட்கவில்லை. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டி, பேச்சு குழறின நேரத்திலும் நீ தண்ணீர் கேட்கவில்லை. நீ கேட்டால் அய்யா தலை குனியவேண்டி வரும் என்று நினைத்தாய், இல்லையா?

காலையில் முள் நடுவில் நின்றது. கை தட்டினார்கள். சூடேறின உடம்பில் மளமளவென்று தண்ணீர் ஊற்றக் கூடாது, நெஞ்சை அடைத்துவிடும் என்று சொல்லி, அய்யா பதநீரைச் சிரட்டையில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தார். அதையும் நீ வாந்தி எடுத்தாய். சாயங்காலம் நான் அம்மாவோடு பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்தேன். அந்த ஆள் உன் கழுத்தில் கை போட்டான். எல்லாரும் அந்தக் கையைத்தான் பார்த்தார்கள். நான் உன் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அண்ணே. அவன் இறுக்குவதற்கு முன்னாலேயே அது மடிந்துவிட்டது. அவன் பயந்துபோய் உன்னைக் கையில் தாங்கிக்கொண்டு, "தண்ணி, தண்ணி கொண்டாங்கலே" என்று கத்தினான். அந்தக் களத்தில் உனக்காகத் தண்ணீர் கேட்டது அவன் ஒருவன்தான்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் உன் தோலைக் கிள்ளிப் பார்த்துவிட்டு, "ஒடம்புல தண்ணியே இல்லையே, என்னய்யா செஞ்சீங்க இந்தப் பையன?" என்று கேட்டார். அய்யா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். வீட்டுக்கு வந்து, அந்த ஆள்தான் கொன்றான் என்றார். இன்றுவரை அதையே சொல்கிறார். அவன் கொன்றான் என்று ஆகிவிட்டால் அய்யா கொல்லவில்லை என்று ஆகிவிடும். இது எனக்குப் புரிகிறது. புரிந்து என்ன செய்ய?

இன்று விளக்கு வைக்கிற நேரத்தில் அய்யா வண்டி பேச வெளியே போனார். நான் பருத்தி அறைக்குப் போய்ச் சின்னண்ணன் நெற்றியில் கை வைத்தேன். காய்ந்த ஓடு. அம்மா கதவுக்கு வெளியே செம்போடு நின்றிருந்தாள், போன வருசம் நின்ற அதே இடத்தில். உள்ளேயும் வராமல், போகவும் முடியாமல். நான் செம்பைப் பிடித்தேன். அவள் விரல்கள் முதலில் விடவில்லை. பிறகு விட்டன.

"குடிண்ணே."

"கொண்டு போயிருட்டி. அய்யா வந்தா வெட்டிப்போடுவாரு."

"அய்யா இல்ல. குடி."

அவன் என்னைப் பார்க்கவில்லை, செம்பைப் பார்த்தான். பிறகு குழறின நாக்கோடு கேட்டான். "அண்ணன் கேட்டானாட்டி? கடேசியில, தண்ணி கேட்டானா?"

அவனுக்கு வேண்டியது இது ஒன்றுதான் என்று எனக்கு அப்போது தெரிந்துபோயிற்று. நீ கேட்கவில்லை என்றால் அவனும் கேட்கமாட்டான்.

"கேட்டான்" என்றேன்.

"பொய் சொல்லுத."

"நெசமாத்தான். கேட்டான்."

அவன் நம்பவில்லை. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பினான். அப்போது பின்னாலிருந்து அம்மா குரல் வந்தது. "கேட்டாம்ல. எங்கிட்டதான் கேட்டான். நாந்தான் குடுக்கல."

எனக்குத் திரும்பி அவளைப் பார்க்கத் துணிவில்லை. சின்னண்ணன் பருத்தியை விலக்கிக்கொண்டு எழுந்து செம்பை வாங்கினான். தண்ணீர் தாடையில் வழிய வழியக் குடித்தான். அம்மா இன்னொரு செம்பு கொண்டுவந்தாள். கொஞ்சம் உப்பும் கருப்பட்டியும் கரைத்துப் பிறகு இன்னொன்று. கடைசிச் செம்பை வைத்துவிட்டு, அவன் பருத்தி மேலேயே சாய்ந்து, சின்னப்பிள்ளை மாதிரி அழுதான். கண்ணில் தண்ணீர் வந்தது, அண்ணே. அதைப் பார்த்துத்தான் எனக்கு மூச்சு வந்தது.

நாளைக் காலையில் தராசுத் தட்டு அவன் பக்கம் தாழ்ந்துவிடும். அந்த ஜோடி கிடையாது என்று சொல்லிவிடுவார்கள். அத்தனை பேர் முன்னால் அய்யா நிற்பார். வண்டியில் வீட்டுக்கு வந்து இறங்கியதும் கேட்பார். எனக்குப் பயமாக இருக்கிறது. எழுத்தெல்லாம் கோணல், பார். அடி எனக்கு விழுமா, அம்மாவுக்கா என்று தெரியவில்லை. என்ன கேட்டாலும் நாங்கள் இரண்டு பேரும் ஒன்றைத்தான் சொல்லுவோம், நீ கேட்டாய் என்று.

ஒரு வருசமாக உன் குரலைத் தேடிக்கொண்டிருந்தேன். எவ்வளவு முயன்றாலும், சுவரைப் பார்த்துத் திரும்பின உன் பிடரிதான் வரும். இன்றைக்கு அம்மா அப்படிச் சொன்னபிறகு, அது கேட்க ஆரம்பித்துவிட்டது. "ஏட்டி, கொஞ்சம் தண்ணி கொண்டாயேன்." நீ ஒருநாளும் சொல்லாத வார்த்தை. ஆனாலும் உன் குரலேதான். அதை இனி நான் விடமாட்டேன், அண்ணே.